மாவி எண்ணிய நத்தைகள்

அன்று நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒரு பெயரை. புனேயிலிருந்து வந்து இறங்கி, தோள்பையைக்கூடக் கழற்றாமல், அடுப்படி வாசலில் நின்றபடி நேர்காணலில் யார் என்ன கேட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். “யார்கிட்ட புராஜெக்ட் பண்ணப்போறேன் தெரியுமாம்மா? அவரு நம்ம ஏரியா பக்கம்தான் படிச்சாராம். முடிச்சூர் ஏரியில நத்தையப் பத்தி ஆராய்ச்சி பண்ணவரு. நான் முடிச்சூருன்னதும் சிரிச்சுட்டாரு. ‘அந்தச் சேத்துல முழங்கால் வரைக்கும் நின்னிருக்கேன்’னாரு.” நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். அவர் பெயரைச் சொன்னாய். அதையும் கேட்டுக்கொண்டு, “கை கழுவிட்டு வா, ஆறிடும்” என்றேன். நீ கை கழுவிக்கொண்டே, “நீ பாதியில விட்டத நான் முடிச்சுக் காட்டுறேன் பாரு. எனக்கு மஞ்சக்காமாலை வந்ததாலதானே நீ விட்டே” என்றாய். நான் அடுத்த தோசையை ஊற்றினேன்.

உன் அப்பா சொல்வாரே, “உங்கம்மா வாய லைப்ரரியில வச்சிட்டு வந்துட்டா” என்று. அது உண்மைதான். எழுத்தில் வருவது எனக்குப் பேச்சில் வருவதில்லை. நீ கிளம்ப இன்னும் சில நாள் இருக்கிறது. அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். உன் சார் அந்தச் சேற்றில் நின்றதில்லை. நின்றவள் பெயர் மாவி. முழுப்பெயர் லால்மாவி. மிசோரத்திலிருந்து வந்தவள். நீ அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். உனக்குத் தலை பின்னிவிட்டு, கன்னத்தைக் கிள்ளி, டீக்கடைத் தமிழில் பேசிச் சிரிக்க வைத்த ஆன்ட்டி ஒருத்தி இருந்தாளே, அவள்தான்.

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் எனக்குக் கல்யாணம். கடைசி ஆண்டுப் பரீட்சையை உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு எழுதினேன். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு எம்.எஸ்சி., அதற்குப் பிறகு தாம்பரம் தாண்டி ஒரு கல்லூரியில் விலங்கியலில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். அந்தக் கல்லூரியின் பெயர் உனக்குத் தெரியும், இங்கே எழுதப்போவதில்லை. காலனியிலிருந்து அதுவரை யாரும் அந்தப் படிக்கட்டில் ஏறியதில்லை என்று உன் தாத்தா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் அங்கே யாரிடமும் காலனி என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் அவர்களுக்கு என் நிறம் போதுமானதாக இருந்தது.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த விதிப்புத்தகத்திலும் கிடையாது. ஆராய்ச்சி செய்யும் பெண் தனியாகக் களப்பணிக்குப் போகக் கூடாது. கூட ஒரு ஆண் போக வேண்டும், அல்லது கல்யாணமான பெண் போக வேண்டும். ஆண்களோடு போனால் பேச்சு வரும் என்பதால் பெரும்பாலும் இரண்டாவதுதான். துறையில் தாலி கட்டிக்கொண்ட ஆராய்ச்சி மாணவி நான் ஒருத்திதான். துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு, “அந்த நார்த் ஈஸ்ட் பொண்ணுக்கு நீ துணை போம்மா. கழுத்துல ஒண்ணு தொங்குனா எவனும் கிட்ட வரமாட்டான்” என்றார். என்னுடைய ஆராய்ச்சி கண்ணாடிக்குப்பிகளில் வளரும் கொசுப்புழு. அது காத்திருக்கும். அப்படித்தான் மாவியும் நானும் வாரத்தில் சில நாள் விடிந்ததும் பஸ் பிடித்து ஏரிக்குப் போக ஆரம்பித்தோம்.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இரும்புச் சதுரம் ஒன்றைச் சேற்றில் போடுவாள். அதற்குள் இருக்கும் நத்தைகளை விரலால் துழாவி எடுத்து, அளந்து, எண்ணி, திரும்ப விடுவாள். கொஞ்சம் தள்ளி மறுபடி போடுவாள். ஏரியைச் சுற்றி இப்படியே. அந்தச் சதுரத்தை உன் அப்பாதான் பெருங்களத்தூர்ப் பட்டறையில் பற்றவைத்துக் கொடுத்தார். “இன்னா இது, கோழிக்கூட்டுக் கதவா?” என்று கேட்டார். “நத்த ஊட்டுக் கதவுண்ணா” என்றாள் மாவி. அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது உன் அப்பாவும் பஸ் கண்டக்டர்களும்தான். ஆங்கிலத்தில் பேசினால் யாரும் திரும்பிப் பார்க்காத அவளை, “இன்னாக்கா ஒரே பேஜாரா கீது” என்று ஆரம்பித்தால் டீக்கடையே திரும்பிப் பார்க்கும். மொட்டை மாடியில் இப்போது கோவைக்கொடி படர்ந்திருக்கிறதே, அதற்கு அடியில் இருப்பது அந்தச் சதுரம்தான்.

தெருவில் அவளைச் சப்பமூக்கு என்றார்கள். நேபாளி என்றார்கள். ஏரிக்கரையில் பிளாட் அளந்துகொண்டிருந்த ஒருவன், “எவ்ளோ?” என்று கேட்டுவிட்டு என் கழுத்தைப் பார்த்துப் பேசாமல் நகர்ந்தான். துறையில் அவள் பெயர் சைனா. முதலில் அப்படிக் கூப்பிட்டவர் உன் சார்தான். எங்களுக்கு ஒரு வருஷம் ஜூனியர், கெட்டிக்காரர், நன்றாக ஆங்கிலம் பேசுவார். கெட்டவர் என்று உனக்குச் சொல்ல எனக்குக் கை வரவில்லை. எல்லாரையும் சிரிக்க வைப்பவர். “சைனா, சாம்பிள எண்ணி மூடி வை. காலையில ரெண்டு கொறைஞ்சா நைட்டு எங்க போச்சுன்னு எங்களுக்குத் தெரியும்” என்பார். லேப் முழுக்கச் சிரிக்கும். மாவியும் சிரிப்பாள். அவள் சிரிக்காத ஒரே நாளில், “ஜோக்குகூடப் புரியல பாவம்” என்று அதற்கும் சிரித்தார்கள்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. என் அம்மா நடவு முடிந்து வரும்போது வயலிலிருந்து மடி நிறைய நத்தை கொண்டுவருவாள். வேகவைத்து, ஓட்டிலிருந்து ஊசியால் எடுத்து, கல் உப்புப் போட்டுக் கசக்கி வழவழப்பு போகக் கழுவி, மிளகு தூக்கலாக வறுப்பாள். முடிச்சூர் நெல்வயலாக இருந்த காலத்தில் நம் வீடுகளில் அதுதான் கறி. இதை ஒருநாள் கரையில் உட்கார்ந்து கால் சேற்றைக் கழுவும்போது மாவியிடம் சொன்னேன். அவள் கால் கழுவுவதை நிறுத்திவிட்டு, “அக்கா, அப்ப நீயும் சைனாவா?” என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் சமைத்தோம். நீ மட்டன் என்று நினைத்து மூன்றாம் தரம் கேட்டாய். நத்தை என்று சொன்ன பிறகும் கேட்டாய்.

இப்போது கருத்தரங்கு நாளுக்கு வருகிறேன். துறையில் பெரிய கருத்தரங்கு, வெளியூர்களிலிருந்து பேராசிரியர்கள். இப்படி நடக்கும்போதெல்லாம் பெண்களை எங்கே நிறுத்துவது என்பது முதல் நாளே முடிவாகிவிடும். முடிவு செய்பவர் ஒரு மேடம். அன்பானவர், எனக்குப் புத்தகங்கள் கொடுத்தவர். சிவப்பாக இருக்கும் பெண்களுக்கு வாசலில் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கல்கண்டுத் தட்டு. அவர்களுக்கு ஒரே நிறத்தில் பட்டுப்புடவை. என்னைப் பார்த்து, “நீ நல்லா வேலை செய்வேம்மா. நீ டைனிங் பாத்துக்க” என்றார். மாவியிடம், “உங்க ஊர் டிரஸ் இருக்கில்ல? அதைப் போட்டுக்கிட்டு திறப்பு விழாவுல ஒரு டான்ஸ். யூனிட்டி மாதிரி இருக்கும்” என்றார். மாவிக்கு ஆடத் தெரியாது. அவளுக்கு மதியம் கட்டுரை வாசிக்க வேண்டியிருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கருத்தரங்கிலாவது வாசித்திருக்க வேண்டும். உதவித்தொகை முடியும் வருஷம். அன்று வாசித்து, அடுத்த மழைக்காலத்துக் கணக்கையும் எடுத்துவிட்டால் அவள் டாக்டர் லால்மாவி. அதைத்தான் அவள் தன் அப்பாவுக்கு வாராவாரம் எஸ்.டி.டி. பூத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசி நேரத்தில் துறைத்தலைவர், “உன் ஆக்சென்ட் அவங்களுக்குப் புரியாதும்மா. தம்பி படிச்சுடுவான். உன் பேரும் இருக்கும்” என்றார். தம்பி என்றால் உன் சார். அவள் காலையில் ஆடினாள். ஆடினாள் என்று சொல்ல முடியாது, ஒலிபெருக்கியில் ஏதோ பாட்டு ஓட, அந்தக் கறுப்பும் சிவப்புமான நெய்த துணியில் மேடையில் முன்னும் பின்னும் நடந்தாள். கைதட்டினார்கள். மதியம் துணி மாற்றக்கூட நேரமில்லாமல் அரங்கின் பின்சுவரில் சாய்ந்து நின்று தன் கட்டுரையை உன் சார் வாசிப்பதைக் கேட்டாள். அழகாகத்தான் வாசித்தார். நான் தண்ணீர்த் தட்டோடு பக்கவாட்டுக் கதவில் நின்றேன்.

முடிந்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு வயதான பேராசிரியர், வடக்குக் கரையில் மட்டும் மழைக்கு முன்பே எண்ணிக்கை விழுவது ஏன் என்று கேட்டார். உன் சார் வெப்பநிலை என்றார், காரத்தன்மை என்றார். “அதெல்லாம் எல்லாக் கரைக்கும் ஒன்றுதானே” என்றார் பெரியவர். அப்போது பின்னாலிருந்து மாவியின் குரல் வந்தது. அந்த நத்தை முட்டையைத் தண்ணீரில் இடாது, கரை மண்ணில் குழி பறித்து இடும், வடக்குக் கரையில் பிளாட்டுக்காகச் செம்மண் லாரி கொட்டிக்கொண்டிருக்கிறது, குழியெல்லாம் மூடிப்போனது என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். எல்லாருக்கும் புரிந்தது. பெரியவர் திரும்பிப் பார்த்து, “நல்ல பதில். யார் இவர்?” என்று கேட்டார்.

“கல்ச்சுரல் டீம் சார்” என்றார் துறைத்தலைவர்.

நான் தட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. “கல்ச்சுரல் இல்ல சார். இது அவங்க வேலை. அவங்கதான் எண்ணினாங்க. நான் கூட இருந்தேன்” என்றேன். ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம், எனக்கு வந்தது தமிழ்தான். உன் சார் கையிலிருந்த தாள்களை மேஜைமேல் தட்டி ஒழுங்காக அடுக்கினார். துறைத்தலைவர் மைக்கை வாங்கி, “டீ பிரேக்” என்றார்.

பாப்பா, யாரும் எங்களைத் திட்டவில்லை. அதுதான் உனக்குத் தெரிய வேண்டியது. நான் படித்த புத்தகங்களில் அநியாயம் சத்தம் போட்டுக்கொண்டு வரும். அங்கே அது அக்கறையாக வந்தது. மறுவாரம் துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். “உனக்குக் குழந்தை இருக்கு. சேத்துல நின்னு நின்னு ஏதாவது வந்துட்டா யார் பொறுப்பு? இனிமே ஃபீல்டு வேணாம்” என்றார். அவ்வளவுதான். நான் போகக் கூடாது என்றால் வழக்கப்படி மாவியும் போக முடியாது. அவளுக்குத் துணை போக வேறு கல்யாணமான பெண் இல்லை. “தம்பி போய் எண்ணிட்டு வரட்டும். நீ லேப்ல உக்காந்து டேபிள் போடு” என்று அவளிடம் சொன்னார். ஏரி உன் சார் கைக்குப் போனது. ஒருமுறை நான் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். கரையில் பைக்கில் உட்கார்ந்திருந்தார். இறங்கி நின்று எண்ணிக்கொண்டிருந்தது கூலிக்கு வந்த இரண்டு பேர்.

மாவி பொறுத்துப் பார்த்தாள். மழை ஆரம்பித்ததும் அவளால் முடியவில்லை. என்னிடம் சொன்னால் நானும் வந்துவிடுவேன் என்று என்னிடம்கூடச் சொல்லாமல், இரும்புச் சதுரத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். புதிதாக வீடு கட்டிக் குடிவந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். திருட வந்தவள் என்றார் ஒருவர். எந்தப் பார்லர் என்று கேட்டார் இன்னொருவர். போலீஸ் வந்தது. உன் அப்பாவின் பட்டறைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு ஓடிவந்து சொல்ல, நானும் அப்பாவும் ஸ்டேஷனுக்குப் போனோம். அவள் பெஞ்சில் சேறு காய்ந்த காலோடு உட்கார்ந்திருந்தாள். வாளியை மடியில் வைத்திருந்தாள்.

“எங்க காலேஜ்ல படிக்கிறவங்க சார்” என்றேன்.

“படிக்கிற பொண்ணு விடிகாலையில சேத்துல இன்னா பண்ணுது?” என்றார் ஏட்டு.

“நத்தை எண்றாங்க.”

“நத்தையா? எண்ணி?”

“சார், நத்த எண்ணா குத்தமா?” என்றார் உன் அப்பா.

“நீ யாருய்யா இதுக்கு?”

“கோழிக்கூட்டுக் கதவு செஞ்சு குட்தவன் சார்.”

மாவி அப்போதும் சிரித்தாள். ஏட்டு கல்லூரிக்குப் போன் செய்தார். கல்லூரியிலிருந்து வந்தவர், அனுமதியில்லாமல் களத்துக்குப் போனது அவள் தவறு என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கூட்டிப்போனார். ஹாஸ்டலில், மற்ற பெண்களின் பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டு அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். ஆராய்ச்சிப் பதிவு ரத்தானது. என் பதிவை யாரும் ரத்து செய்யவில்லை. என் முன்னேற்ற அறிக்கையில் என் வழிகாட்டி கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான். “அடுத்த மாசம் பாக்கலாம்மா” என்றார். அடுத்த மாசமும் அதையே சொன்னார். அந்தச் சமயத்தில்தான் உனக்கு மஞ்சள்காமாலை. உன் அத்தை வந்து பார்த்துவிட்டு, “புள்ளைக்காக விட்டுட்டா, நல்ல காரியம்” என்று ஊரெல்லாம் சொன்னாள். துரத்தப்பட்டவள் என்பதைவிட அது கேட்க நன்றாக இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது உன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்று அப்போது தோன்றவில்லை. நீ காரணம் இல்லை. நீ பதினைந்து நாளில் எழுந்து ஊறுகாய் கேட்டு அடம்பிடித்தவள்.

கவுகாத்தி ரயிலில் மாவியை ஏற்றிவிட்டோம். இரும்புச் சதுரத்தை எடுத்துப்போகச் சொன்னேன். “அங்க நிறைய மலைக்கா. சேறு இல்ல” என்றாள். அடுத்த வருஷம் கட்டுரை அச்சில் வந்தது. உன் சார் பெயரும் துறைத்தலைவர் பெயரும் இருந்தன. களத்தில் உதவிய இரண்டு பெண்களுக்கு நன்றி என்று கடைசியில் ஒரு வரி. மாவிக்கு எழுதினேன். அவளிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது, ஊர்ப் பள்ளியில் நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பதாக. பிறகு அதுவும் நின்றது.

உன்னைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. இந்தக் கல்விக்கு நம் வீட்டில் யாருக்கும் இரண்டாவது வாய்ப்பு வந்ததில்லை, உனக்கு முதல் வாய்ப்பே இப்போதுதான் வருகிறது. அங்கே நீ மாவியாக இருப்பாய். உன்னை மதராசி என்பார்கள். உன் நிறத்தைப் பற்றி ஜோக் சொல்லிவிட்டு நீ சிரிக்கிறாயா என்று பார்ப்பார்கள். விழா என்றால் உனக்கு எந்த இடம் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். உன்னைக் கெட்ட வார்த்தை சொன்னவனை நீ எப்படியும் சமாளிப்பாய், உன் அப்பாவின் பெண் நீ. உன் நல்லதுக்குத்தான் என்று சொல்கிறவர்களிடம் கவனமாக இரு. நீ எண்ணியதை நீயே வாசி. ஆக்சென்ட் புரியவில்லை என்றால் மறுபடி வாசி. உன்னைப் போல ஒருத்தி பக்கத்து அறையில் இருப்பாள். எந்த ஊர்க்காரியாக இருந்தாலும் அவளோடு சாப்பிடு. உன் சாரிடம் நல்ல வேலை கற்றுக்கொள்ளலாம். அவர் மோசமான ஆசிரியராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் முழங்கால் வரைக்கும் சேற்றில் நின்றேன் என்று அவர் சொல்லும்போது, நீ சிரிக்கும் முன் உனக்கு ஒரு பெயர் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும்.

இதுவரை எழுதியதை நீ ரயிலேறும் அன்று கொடுத்தேன். இனி எழுதுவது நேற்று நீ போன் செய்த பிறகு. படித்தேன் என்று நீ சொல்லவில்லை. “கேட்டேம்மா” என்று மட்டும் சொன்னாய். முதல் வாரமே, எல்லாரும் இருக்கும்போது, “சார், மாவின்னு ஒருத்தங்க உங்களோட வேலை பண்ணாங்களே, அவங்க எங்க இருக்காங்க?” என்று கேட்டிருக்கிறாய். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “யாரு அது?” என்று கேட்டாராம். “அந்த நத்தையெல்லாம் எண்ணவங்க சார்” என்றாயாம். மறுவாரம் அவருடைய குழுவில் இடம் நிறைந்துவிட்டது என்று துறை அலுவலகத்தில் சொன்னார்கள். நீ இப்போது மீன் செதிலில் வேலை செய்யும் ஒருவரிடம் சேர்ந்திருக்கிறாய்.